ஈரங்காட்டும் நிறம்: நானிங் புகைக்கூடங்களும் கோபால்ட்டுத் தாளும்

'ஈரம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நீர்ப்பசை ஒன்று, நெஞ்சின் இரக்கம் மற்றொன்று. இவ்வுரை முதற்பொருளைப் பற்றியது. எனினும், ஈரத்தை மதிப்பிட்டவர் யார், அம்மதிப்பீட்டால் கூலியும் விலையும் பெற்றவர் யார் என்று வினவத் தொடங்கினால், இரண்டாம் பொருளையும் முற்றிலும் விலக்கிவிட இயலாது.

குடத்தில் நீர் உண்டா என்று அறியக் கருவி எதுவும் வேண்டா. ஒரு பொருளின் உள்ளே ஒளிந்திருக்கும் நீரை அறிவதே கடினம். தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் பொருளும் உள்ளே ஈரம் கோத்திருக்கலாம். உழவர் நெல்மணியைப் பல்லால் கடித்துக் காய்ச்சலை அறிந்தனர். இல்லத்தரசியர் வற்றலை ஒடித்துப் பார்த்தனர். சாடியில் உப்பு கசிவதைக் கண்டு காற்றில் ஈரம் மிகுந்ததை உணர்ந்தனர். இவ்வாறு பல்லும் விரலும் செய்த வேலையைக் கண்ணிடம் ஒப்படைக்கும் முறைகளும் வரலாற்றில் தோன்றின. நிறம் மாறுவதைக் கொண்டு ஈரத்தை அறிவது அம்முறைகளுள் தலையாயது. அது வேதியியலார் கூடங்களில் ஒரு வழியாகவும், நம் ரப்பர்த் தோட்டங்களில் வேறொரு வழியாகவும் வளர்ந்தது. இவ்விரு வழிகளையும் அருகருகே வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

நானிங் நிலமும் பால்மரமும்

மலாக்கா மாநிலத்தின் வடபுறத்தே அமைந்த அலோர் காஜா மாவட்டம், 1831, 1832ஆம் ஆண்டுகளில் டோல் சைட் தலைமையில் ஆங்கிலேயரோடு பொருத பழைய நானிங் நிலத்தைச் சார்ந்தது. புலாவ் செபாங், டுரியான் துங்கல், மஸ்ஜிட் தானா, காடேக், மாச்சாப் முதலிய ஊர்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரான வரலாறும் மலாக்காவிலேயே தொடங்குகிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லியின் தூண்டுதலால், டான் சே யான் என்னும் மலாக்கா வணிகர் 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நிலத்தில் ரப்பர் நட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலாக்காவின் குன்றுகள் பலவும் பால்மரக் காடுகளாயின. அம்மரங்களை வெட்டிப் பால் எடுக்கத் தமிழகத்திலிருந்து நம் மூதாதையர் கங்காணி முறையில் அழைத்து வரப்பட்டனர். உடலுழைப்பாளரை உதவியளித்துக் கடல்கடந்து அனுப்புவதை 1938ஆம் ஆண்டு இந்திய அரசு தடைசெய்யும்வரை அவ்வரவு நீடித்தது.

அவர்கள் வந்து சேர்ந்தது ஈரத்தின் நாடு. மலாயாத் தீபகற்பத்தின் தாழ்நிலங்களில் காற்றின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். இத்தகைய காற்றில் எதுவும் தானாக முழுமையாய் உலர்வதில்லை. ஆனால் அவர்கள் கையில் எடுத்த பொருளோ உலர்ந்தாலன்றி விலை போகாதது.

வெள்ளை மறையும் பொழுது

மரத்திலிருந்து மங்கில் வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். ஸ்டோருக்கு வந்த பாலை வடிகட்டி, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையவைப்பர். உறைந்த கட்டியை உருளைகளுக்கு இடையே செலுத்தி, ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடாக்குவர். இறுதி உருளையில் வெட்டப்பட்டுள்ள வரிகள் தகட்டின் மேல் பதியும். அவ்வரிகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. தகட்டின் புறப்பரப்பைப் பெருக்கி, நீர் விரைந்து வெளியேறவும், தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும் அவை உதவின. பின்னர்த் தகடுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, புகைக்கூடத்தில் ஏறத்தாழ 40 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நான்கைந்து நாள் உலர்த்துவர். வெப்பம் நீரைப் போக்கும். விறகுப் புகையில் உள்ள பொருள்கள் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும்.

புகைக்கூடத்தினுள் நுழையும் தகடு பால்போல் வெண்மையாய் இருக்கும்; ஒளி அதனை ஊடுருவாது. வெளிவரும் தகடு தேன் நிறம் கொண்டு, ஒளிக்கு எதிரே பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சத்தைக் காட்டும். இம்மாற்றத்தின் காரணம் ஈரமே. தகட்டினுள் நுண்ணிய துளிகளாகப் பரவியிருக்கும் நீர், தன்னைச் சூழ்ந்த ரப்பரைப் போல் ஒளியை வளைப்பதில்லை. ஆகவே ஒளி ஒவ்வொரு துளியிலும் சிதறுகிறது. சிதறிய ஒளி நம் கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுகிறது. நீர் வெளியேற வெளியேறச் சிதறல் குறைந்து தகடு தெளிகிறது. தேன் நிறத்தின் பெரும்பகுதி புகையாலும் வெப்பத்தாலும் வருவது. எனவே நிறம் கூடுவதன்று, வெண்மை மறைவதே உலர்ந்தமைக்கு உரிய அடையாளம்.

தகடு ஓரங்களிலும் மேற்பரப்பிலும் முதலில் உலரும். தடித்த இடங்களின் உட்புறம் இறுதியில் உலரும். ஓரிடத்தில் வெள்ளைப் புள்ளி எஞ்சியிருந்தால் அங்கே நீர் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அதனைக் காணாமல் விட்டு, பேலாக அழுத்திக் கப்பலேற்றினால், வார்க்கணக்கில் நீளும் கடற்பயணத்தில் பூஞ்சணம் படரும். பேலின் தரம் கெடும். ஆகவே தகடுகளை ஒவ்வொன்றாக ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்து, வெள்ளைப் புள்ளிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி நீக்கி, தரம் பிரிக்கும் வேலை தோட்டங்களில் நடைபெற்றது. புகைத்தகட்டு ரப்பருக்கு உலகச் சந்தையில் முதல் தரம் முதலாக ஐந்தாம் தரம் வரை வகுக்கப்பட்டிருந்த பிரிவுகள் அனைத்தும் கண்ணால் காண்பதையே அடிப்படையாகக் கொண்டவை.

இதனை வேதியியலார் கூறும் நிறங்காட்டி என்று அழைக்கலாமா? கண்டிப்பான பொருளில் அழைக்க இயலாது. நிறங்காட்டி என்பது சோதிக்கும் பொருளுக்கு அயலாக நாம் சேர்க்கும் ஒரு சேர்மம். இங்கோ சோதிக்கப்படும் பொருளே சான்று கூறுகிறது. ஆயினும், நிற மாற்றம் கண்டு ஈரத்தை அறியும் செயல் இரண்டிலும் ஒன்றே. அச்செயலை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தகடுகளில் செய்து தேர்ந்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள் என்பது அறிவியல் வரலாற்றில் இடம் பெறத்தக்க செய்தி.

கண் ஒருவருடையது, தீர்ப்பு மற்றவருடையது

ரப்பரில் ஈரம் என்பது பணம். ஒரு தொழிலாளி கொண்டுவரும் பாலில் எவ்வளவு நீர், எவ்வளவு உலர்ரப்பர் என்பதைப் பொறுத்து அவர் கூலி அமைந்தது. ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு அளவைக் குறித்தவர் கிராணி. நிறுவையும் மிதவையும் காட்டிய எண்கள் அவர் ஏட்டில் ஏறின. எண்ணைப் படிக்கக் கல்லாத தொழிலாளிக்கு அவ்வேடு மூடிய புத்தகமே. சிறுதோட்டக்காரர் நிலையும் இதைப் போன்றதே. புகையூட்டாத தகட்டைக் கடைக்குக் கொண்டு சென்றால், வாங்குபவர் அதனைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தி, ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு விலை சொல்வார்.

வெள்ளைப் புள்ளியைக் காணும் திறமை விற்பவருக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு. ஆனால் அப்புள்ளியின் விலை என்ன என்பதை முடிவு செய்யும் உரிமை ஒருபுறமே இருந்தது. கண்ணின் மதிப்பீட்டுக்கு அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் வலியவர் சொல்லே அளவாகிறது. தனிமனிதர் கண்ணைச் சாராத ஓர் ஈரங்காட்டி ஏன் தேவைப்பட்டது என்பதை இங்கிருந்து நோக்கினால் தெளிவாக விளங்கும். அத்தகைய காட்டிக்கான அடித்தளம் ரப்பர் மலாயாவுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே ஐரோப்பாவில் இடப்பட்டுவிட்டது. அதுவும் ஈரத்தைத் தேடியவர்களால் அன்று. மறைமொழி எழுத விரும்பியவர்களால்.

மறைந்து தோன்றும் மை

ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர், உருக்கினால் வெள்ளி தராமல் நச்சுப் புகை தந்த ஒருவகைக் கனிமத்தைக் குறும்புப் பேயின் பெயரால் 'கோபோல்ட்' என்று வைதனர். அக்கனிமத்தில் ஒரு புதிய உலோகம் உண்டென்று 1735ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு கியோர்க் பிராண்ட் கண்டறிந்தார். வசைச்சொல்லே கோபால்ட்டு என்னும் பெயராக நிலைத்தது. 1737ஆம் ஆண்டு, பாரிஸ் அறிவியற்கழகத்தைச் சேர்ந்த ழான் எல்லோ, இக்கனிமத்திலிருந்து பெற்ற உப்பைக் கொண்டு செய்யும் ஒரு மையைப் பற்றி எழுதினார். அம்மையால் எழுதிய எழுத்து, காய்ந்தபின் வெளிறிய இளஞ்சிவப்பாய்க் கண்ணுக்குப் புலப்படாதிருக்கும். தாளை அனலருகே காட்டினால் எழுத்து நீலமாகவோ பசுநீலமாகவோ தோன்றும். தாள் குளிர்ந்து காற்றின் ஈரத்தை ஏற்றதும் எழுத்து மீண்டும் மறையும்.

அக்காலத்தார் இதனை வெப்பத்தின் விந்தை என்றே கொண்டு, குளிர்காலக் காட்சியாய் வரைந்த ஓவியத்தை அடுப்பருகே வைத்தால் மரங்கள் தளிர்ப்பது போன்ற வேடிக்கைகளைச் செய்து மகிழ்ந்தனர். உண்மையில் அங்கே வேலை செய்தது நீர். கோபால்ட்டு குளோரைடு நீரற்ற நிலையில் நீல நிறமுடையது. காற்றிலுள்ள நீரை ஏற்கும்போது, ஒரு கோபால்ட்டு குளோரைடுக்கு ஆறு நீர் மூலக்கூறுகள் என்னும் கணக்கில் படிகத்தில் இடம்பெறுகின்றன. கோபால்ட்டு அயனியைச் சூழ்ந்து நிற்பவை மாறுவதால் அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது, நீலம் இளஞ்சிவப்பாகிறது. சூடாக்கினால் நீர் நீங்கி நீலம் திரும்புகிறது. எத்தனை முறை செய்தாலும் இம்மாற்றம் மீளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வுப்புத் தோய்த்த துணிப்பூக்களை வானிலை கூறும் பூக்களாக வீடுகளில் வைத்தனர்.

நீரேறிய உப்பும் நீரற்ற உப்பும் நிறத்தால் வேறுபடும் என்பது நம் மரபுக்கும் அயலான செய்தியன்று. துருசு என்றும் மயில்துத்தம் என்றும் நாம் வழங்கும் தாமிர சல்பேட்டு, நீர் ஏறிய நிலையில் மயிற்கழுத்தின் நீலம் உடையது, சூடாக்கினால் வெண்பொடியாகும். வெண்காரத்தையும் படிகாரத்தையும் சூடேற்றி நீரைப் போக்குவதைச் சித்த மருத்துவம் 'பொரித்தல்' என்று வழங்குகிறது. பொரித்த துருசின் வெண்மை ஒரு துளி நீர் பட்டதும் நீலமாக மாறும். இன்றைய பள்ளி ஆய்வுக்கூடங்களில் நீர் உண்டா என்று சோதிக்க இதுவும் கோபால்ட்டுத் தாளுமே பயன்படுகின்றன. இவ்விரண்டும் நீர் இருப்பதை மட்டுமே காட்டும். அந்நீர் தூயதா என்று காட்டமாட்டா. தூய்மையை அறியக் கொதிநிலையைப் பார்க்கவேண்டும். இவ்வேறுபாட்டை மாணவர் பலர் தேர்வில் தவறவிடுகின்றனர் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

வேடிக்கையிலிருந்து அளவுக்கு

கோபால்ட்டு உப்பை ஆராய்ச்சிக் கருவியாக்கிய பெருமை தாவரவியலாருக்கு உரியது. 1894ஆம் ஆண்டு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஸ்டால், கோபால்ட்டு குளோரைடில் தோய்த்து உலர்த்திய நீலத்தாளை இலையின் இருபுறமும் வைத்து, எப்புறத்துத் தாள் முதலில் சிவக்கிறது என்று நோக்கினார். இலை வெளிவிடும் நீராவியைத் தாளின் நிறமும், சிவக்க எடுக்கும் நேரம் அதன் அளவையும் காட்டின. நம் பால்மர இலையில் இச்சோதனையைச் செய்தால் அடிப்புறத்துத் தாளே முந்திச் சிவக்கும். அம்மர இலையின் இலைத்துளைகள் அடிப்புறத்திலேயே அமைந்துள்ளன. எவர் கையில் இருந்தாலும் தாள் அதே நிறத்தைக் காட்டும் என்பதே இம்முறையின் வலிமை. பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கண் வேண்டா. நீலத்தையும் சிவப்பையும் பிரித்தறியும் கண் போதும்.

1919ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வால்டர் பேட்ரிக், சிலிக்காக் களியை ஆக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட இம்மணிகள் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்வன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பென்சிலின் மருந்தும் போர்க்கருவிகளும் ஈரத்தால் கெடாதிருக்க இவை பெரிதும் பயன்பட்டன. ஆனால் ஈரம் நிறைந்த மணியும் ஈரமற்ற மணியும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கோபால்ட்டு குளோரைடை ஏற்றியபோது அக்குறை நீங்கிற்று. நீலமாயின் மணி இன்னும் ஈரம் ஏற்கும். சிவந்தால் சூடேற்றிப் புதுக்கவேண்டும். அறிவியல் ஆசிரியர் அறையில் நுண்ணோக்கிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட நீலமணிகள் இவையே.

கண்ணிலிருந்து நிறுவைக்கும், மீண்டும் நிறத்துக்கும்

ரப்பர்த் தொழிலோ வேறு திசையில் சென்றது. கோபால்ட்டுத் தாள் காற்றின் ஈரத்தையும் மேற்பரப்பின் ஈரத்தையுமே காட்டவல்லது. தடித்த தகட்டின் உள்ளீரத்தை அது அறியாது. 1965ஆம் ஆண்டு அறிமுகமான மலேசியத் தர ரப்பர்த் திட்டம், கண்ணால் தரம் காண்பதை விடுத்து ஆய்வுக்கூட அளவைகளை ஏற்றது. மாதிரியை அடுப்பில் சூடேற்றி, எடை எவ்வளவு குறைகிறது என்று நிறுத்துப் பார்க்கும் முறை வந்தது. ஆவியாகும் பொருள் 0.8 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்பது இன்றைய விதி. கட்டி ரப்பர் பெருகப் பெருகப் புகைத்தகடு சுருங்கியது. ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனை ஏறியது. புகைக்கூடங்கள் அணைந்தன.

அதே காலத்தில் மலாக்காவில் மற்றொரு தொழில் வந்தது. 1970களில் பத்து பெரண்டாமில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்து, மின்னணு ஆலைகள் திறக்கப்பட்டன. தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பேருந்தேறி ஆலை வேலைக்குச் சென்றனர். மின்னணுத் தொழிலிலும் ஈரம் பகையே. நெகிழிக் கூட்டினுள் புகுந்த ஈரம், பற்றவைக்கும் சூட்டில் ஆவியாய் விரிந்து, சில்லைப் பிளந்துவிடும். பொரியும் சோளத்தை ஒப்பிட்டு அதற்குப் பெயரும் இட்டனர். ஆகவே ஈரம் தாங்காத சில்லுகளைக் காற்றுப் புகா உறையில் இடும்போது, ஈரமுறிஞ்சிப் பையோடு ஈரங்காட்டி அட்டை ஒன்றையும் வைக்கவேண்டும் என்பது அனைத்துலகத் தொழில்தரம். அவ்வட்டையில் 5, 10, 60 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு உரிய புள்ளிகள் உண்டு. உறையைத் திறந்ததும் எந்தப் புள்ளி நிறம் மாறியுள்ளது என்று பார்த்து, சில்லைப் பயன்படுத்தலாமா, அடுப்பில் உலர்த்தவேண்டுமா என்று முடிவு செய்வர்.

புகைக்கூடத்தில் வெள்ளைப் புள்ளியைத் தேடிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை வண்ணப் புள்ளியை நோக்கும் தொழிலுக்குள் புகுந்தது. ஆனால் இரண்டு புள்ளிகளும் ஒன்றல்ல. அட்டையின் புள்ளிக்கு அருகே எண் அச்சிடப்பட்டுள்ளது. மேலாளர் பார்த்தாலும் தொழிலாளி பார்த்தாலும் அதன் பொருள் ஒன்றே. வழக்கெழுந்தால் இருவரும் அதனையே சான்றாகக் காட்டலாம். தகட்டின் வெள்ளைப் புள்ளிக்கு அத்தகைய எண் இருக்கவில்லை. வேதியியல் நிறங்காட்டியின் வரலாற்றுச் சிறப்பு, மனிதக் கண்ணைவிட நுட்பமாகக் காண்பதில் மட்டும் இல்லை. காண்பதன் பொருளை எல்லார்க்கும் பொதுவாக்கியதில்தான் அச்சிறப்பு அடங்கியுள்ளது.

நீலத்தின் விலை

இந்நீலமும் குற்றமற்றதன்று. கோபால்ட்டு குளோரைடு நுண்தூளாக மூச்சில் புகுந்தால் புற்றுநோய் விளைக்கவல்லது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியுள்ளது. 2008ஆம் ஆண்டு மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆகையால் கோபால்ட்டு இல்லாத காட்டிகள் வழக்குக்கு வந்துள்ளன. செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் மணிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. பள்ளிகளில் கோபால்ட்டுத் தாளைக் கையாளும் ஆசிரியர்கள் இடுக்கியால் எடுப்பதும், மாணவரைக் கைகழுவச் செய்வதும், பொடியைத் தூவ விடாதிருப்பதும் நன்று. விரலின் ஈரமே தாளைச் சிவக்கச் செய்யும் என்பதால், இடுக்கியைப் பயன்படுத்தச் சோதனையின் செம்மையும் மற்றொரு காரணம்.

மொழிக்கு எஞ்சிய பணி

எல்லோவின் மைக்கு ஏடு உண்டு. ஸ்டாலின் தாளுக்குக் கட்டுரை உண்டு. பேட்ரிக்கின் மணிக்குக் காப்புரிமை உண்டு. 1925ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பரைப் பற்றி விரிவாக எழுதி வைத்துள்ளது. தகட்டை ஒளிக்குத் தூக்கிப் பார்த்தவர்களின் அறிவோ பேச்சிலேயே வாழ்ந்தது. அரைகுறையாய்க் காய்ந்த தகட்டை என்னவென்று அழைத்தனர்? மழைநாளில் புகைக்கூடத்துக்கு எவ்விறகைத் தேர்ந்தனர்? ஓரம் காய்ந்து நடு காயாத தகட்டை எவ்வாறு தொங்கவிட்டனர்? இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் அலோர் காஜாவிலும் அதன் சுற்றூர்களிலும் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள்.

'நிறங்காட்டி' என்னும் கலைச்சொல்லைப் பாடநூல் நமக்குத் தந்தது. அதற்கு ஈடான தொழிற்சொற்கள் நம் தோட்ட வழக்கிலும் இருந்திருக்க வேண்டும். மங்கு, கிராணி, ஸ்டோர் போன்ற சில சொற்கள் கதைகளிலும் நாவல்களிலும் பதிவாகியுள்ளன. உலர்த்தலும் தரம்பிரித்தலும் சார்ந்த சொற்கள் அவ்வாறு முழுமையாய்த் திரட்டப்படவில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் அறிவியல் பாடத்தில் கோபால்ட்டுத் தாளைச் சோதிக்கும் கிழமையிலேயே, மாணவர் தம் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் தகடு காய்ந்ததை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொல்லியவாறே எழுதி வரச் செய்யலாம். அறிவியலுக்கும் மொழிக்கும் ஒரே பயிற்சியில் ஆகும் பணி அது. ஒரு வகுப்பு மாணவர் பத்துச் சொற்கள் கொணர்ந்தாலும், அவை இதுவரை எந்த அகராதியிலும் இடம்பெறாத சொற்களாக இருக்கக்கூடும்.